நூற்றுப் பத்துப் பக்கம்

எத்திராஜுக்கு வயிறு எரிந்தது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பருத்திப்பட்டு ஏரிக்கரை டீக்கடையில், வெற்றிச்செல்வன் தோள்பையைத் திறந்து ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு திரைக்கதைக் கட்டை எடுத்து பெஞ்சின் மேல் வைத்தான்.

"முதல் டிராஃப்ட் முடிஞ்சுதுங்ணா. நூத்திப் பத்து பக்கம் வந்துருக்குது" என்றான்.

"பரவால்லயே" என்றான் எத்திராஜ். முகத்தில் சிரிப்பு வந்தது. அதை வரவழைக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். "எப்ப ஆரம்பிச்ச?"

"பொங்கல் கழிச்சுதானுங்ணா."

இப்போது ஏப்ரல். ஆக, மூன்றே மாதம். எத்திராஜ் தன் திரைக்கதையை எழுதத் தொடங்கி ஆறு வருடம் முடிந்துவிட்டது. இருநூற்று நாற்பது பக்கம். அது முதல் வரைவா, மூன்றாவதா, ஐந்தாவதா என்று கேட்டால் அவனுக்கே பதில் தெரியாது. அடித்து எழுதி, அடித்ததற்கு மேல் எழுதி, எழுதியதைக் கிழித்து மறுபடி எழுதியே ஆறு வருடம் ஓடியிருந்தது.

எத்திராஜ் சென்னை பாடிக்காரன். நாற்பத்து மூன்று வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மெஷின் ஷாப்பில் சூப்பர்வைசர். இருபதுகளில் ஆறு வருடம் உதவி இயக்குநராக அலைந்தவன். வேலை பார்த்த இரண்டு படமும் பெட்டிக்குள்ளேயே தூங்கிவிட்டன. அவனுக்கு மிஞ்சியது, ஏரியாவில் 'சினிமாக்காரர்' என்ற பெயரும், படம் எப்படி எடுப்பார்கள் என்ற ஞானமும்தான். நான்கு வருடத்துக்கு முன்னால், கரூரிலிருந்து ஐடி வேலைக்கு வந்து பருத்திப்பட்டு ஃபிளாட் ஒன்றில் குடியிருந்த வெற்றி, ஒரு குறும்படம் எடுக்க ஃபேக்டரிக்குள் இடம் கேட்டு வந்து நின்றான். மேனேஜரிடம் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தவன் எத்திராஜ். குளோசப் என்றால் என்ன, வைடு ஷாட் எப்போது வைக்க வேண்டும் என்று அந்தப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் அவனே. அன்றிலிருந்து வெற்றிக்கு அவன் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டீ.

"நூத்திப் பத்துன்னு யார்னா சொன்னாங்களா, இல்ல அதுவா வந்திச்சா?" என்று கேட்டான் எத்திராஜ், ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோல.

"ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிஷம்னு ஒரு கணக்குங்ணா. ரெண்டு மணி நேரத்துக்குள்ள படம் அடங்கிரணும்ல. ஆனா முதல் டிராஃப்டுக்கு அதெல்லாம் பாக்கத் தேவையில்லீங்ணா. உங்களது எவ்ளோ நீளம் வந்தாலும் சரிதான்."

எவ்வளவு நீளம் வந்தாலும் சரியாம். பெரிய மனது. எத்திராஜ் டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

அத்துடன் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வெற்றி கிட்ட நகர்ந்து உட்கார்ந்து, குமணன்சாவடியில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் பார்த்தசாரதி படம் எடுக்க வந்திருப்பதையும், போன வாரம் அவரிடம் கதை சொன்னதையும், அவர் அங்கேயே கை கொடுத்துவிட்டதையும் சொன்னான். "இன்னொரு சின்னப் படம் பண்ணலாம்னு இருக்காருங்ணா. உங்களப் பத்திச் சொல்லியிருக்கேன். அடுத்த மாசம் பத்தாம் தேதி, வியாழக்கிழமை, பதினோரு மணிக்கு வரச் சொன்னாரு. போய்ட்டு வாங்கண்ணா."

நன்றி சொல்ல வேண்டிய இடம். எத்திராஜ் சொல்லவும் செய்தான். ஆனால் ஆவடியிலிருந்து பாடி வரைக்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தபோது அவன் மனதில் ஓடியது ஒன்றுதான். நாம் சொல்லிக் கொடுத்த பயல் நமக்கு வாய்ப்பு வாங்கித் தருகிறான். இதைவிட அவன் நம்மை நடுரோட்டில் திட்டியிருக்கலாம்.

பஸ் அம்பத்தூரைத் தாண்டுவதற்குள் அவன் கணக்குப் போட்டுவிட்டான். பக்கத்துக்கு ஒரு நிமிஷம் என்றால் அவனுடைய படம் நான்கு மணி நேரம். பார்த்தசாரதி கொட்டாவி விடுவார். 'அந்தப் பையன் நறுக்குன்னு சொன்னான், இவரு இழுக்கறாரு' என்பார். பத்தாம் தேதிக்குள் இதை வெட்டியாக வேண்டும் என்று முடிவு செய்தான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். வெற்றி எழுதியது லேப்டாப்பில், வெளிநாட்டுக்காரன் வகுத்த அமைப்பில், ஒவ்வொரு பக்கமும் நிரம்பி வழிய. எத்திராஜ் எழுதியது கோடு போட்ட லாங் சைஸ் நோட்டில், அந்தக் காலத்து உதவி இயக்குநர்கள் எழுதும் முறையில். தாளை நெடுக்காக இரண்டாக மடித்துக் கோடு விழச் செய்து, இடது பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலது பக்கம் காதுக்குக் கேட்பது. வசனம் வரும்போது இடது பக்கம் வெறுமையாகக் கிடக்கும். ஆள் நடக்கும்போது வலது பக்கம் வெறுமை. தாளின் பின்பக்கத்தைத் திருத்தத்துக்கென்று காலியாக விட்டுவிடுவான். வெற்றியின் ஒரு பக்கத்தில் இவனுடைய இரண்டு பக்கத்துக்கு மேல் அடங்கும். இருநூற்று நாற்பதும் நூற்றுப் பத்தும் ஏறக்குறைய ஒரே நீளம்தான். மெஷின் ஷாப்பில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளந்து பார்க்கிற மனுஷனுக்கு இது தெரியாமலா போகும். பொறாமை கண்ணை மறைத்தால் தெரியாமல்தான் போகும்.

அவன் மனைவி சுலோசனாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறவள். அன்று மாலை அவன் சிவப்புப் பேனாவுடன் தரையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னாய்யா பண்ணிகினு கீற?"

"வெட்றேன். ரொம்ப நீளமா கீது."

"யார் சொன்னது?"

"அந்தப் பையன் நூத்திப் பத்துல முட்ச்சிட்டான்."

"அவன் பக்கம் வேற, உன் பக்கம் வேறய்யா. அவன் பொடி எழுத்துல அடிச்சி வெச்சிக்கிறான். நீ பாதித் தாள சும்மா வுட்டு வெச்சிக்கிற. பக்கத்த இன்னாத்துக்கு எண்ற? சத்தமா படி. நான் கடியாரத்தப் பாக்கறேன். எவ்ளோ நேரம்னு தெரிஞ்சிடும்."

"உனக்கு சினிமாவப் பத்தி இன்னா தெரியும்?"

"எனுக்குத் தெரியாதுதான். ஆனா நீ அந்தப் பையன் மேல கீற காண்டுல வெட்டிகினு கீற. அது தெரியுது."

அவன் அடுத்த பக்கத்தைப் புரட்டிக் குறுக்கே கோடு கிழித்தான். அவள் எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள்.

அவனுடைய கதையையும் சொல்ல வேண்டும். கெங்கம்மாள் பாடியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். அவள் புருஷன் தங்கவேல் அதே தொழிற்சாலையில் தொழிலாளர் தலைவன். வேலைநிறுத்தம் சூடாக இருக்கும்போது ஒருநாள் காணாமல் போகிறான். நிர்வாகம் ஆள் வைத்து முடித்துவிட்டது என்று ஊரே நம்புகிறது. அவன் படத்துக்கு மாலை போட்டுப் போராட்டம் நடக்கிறது, ஜெயிக்கவும் செய்கிறது. கெங்கம்மாள் மட்டும் தேடுவதை நிறுத்தவில்லை. ஒருநாள் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தள்ளுவண்டிக் கடையில், வேறு பெயரில், மீசையை எடுத்துவிட்டு, இட்லி பார்சல் கட்டிக்கொண்டிருக்கிற தங்கவேலைப் பார்த்துவிடுகிறாள்.

அங்கேதான் எத்திராஜ் இடைவேளை வைத்திருந்தான். அதற்குப் பிறகு அவள் அவனைக் காட்டிக் கொடுக்க மாட்டாள், கேள்வியும் கேட்க மாட்டாள். தினமும் வாடிக்கையாளராக வந்து அவன் கடையில் இட்லி சாப்பிடுவாள். தன்னை அடையாளம் தெரிந்துதான் வருகிறாளா, தெரியாமல் வருகிறாளா என்று அவன் தவித்துச் சாவான். இரண்டாம் பாதி முழுக்க அதுதான். அது நல்ல இரண்டாம் பாதி. ஆறு வருடத்தில் அவன் அதிகம் அடித்து எழுதியதும் அந்தப் பகுதியைத்தான்.

மூன்று வாரம் வெட்டினான். முதலில் பாட்டுகளை எடுத்தான். பிறகு கேன்டீன் சிரிப்புக் காட்சிகள் போயின. அப்போதும் நூற்றுத் தொண்ணூறு. கடைசியில் ஒரு வியாழக்கிழமை, ஷிஃப்ட் முடிந்து வந்த களைப்பில், அவனுக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. அவள் தங்கவேலைப் பார்க்கிறாள், ஒன்றும் சொல்லாமல் திரும்பி பஸ் ஏறுகிறாள், படம் முடிந்தது. எவ்வளவு நறுக்கான முடிவு. வெற்றிக்கு இப்படி ஒன்று தோன்றுமா? வெட்டிய முதல் பாதியில் சிலதை எடுத்துச் சேர்த்துக்கொண்டு, இட்லிக் கடைப் பகுதி முழுவதையும் பிய்த்துக் கட்டி பரண் மேல் போட்டான். எண்ணிப் பார்த்தபோது நூற்றுப் பதின்மூன்று வந்தது. விடவில்லை. இன்னும் ஐந்து பக்கம் குறைத்து நூற்றெட்டில் கொண்டுவந்து நிறுத்தினான். வெற்றியைவிட இரண்டு பக்கம் கம்மி.

"நூத்தியெட்டா?" என்றாள் சுலோசனா. "இன்னா, அர்ச்சனையா பண்ணப் போற?"

பத்தாம் தேதி லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில், குமணன்சாவடி சிக்னலில் இறங்கினான். மண்டபத்தின் மாடியில் பார்த்தசாரதியின் அறை. கீழே யாருக்கோ வளைகாப்பு. சாம்பார் வாசனை படியேறி வந்துகொண்டிருந்தது. பார்த்தசாரதிக்கு அறுபது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, காதோரம் நரை. பைண்டு பண்ணிய கட்டை நீட்டியதும் கையால் மறித்தார்.

"படிக்கறதெல்லாம் நமக்கு வராது தம்பி. நீ வாயால சொல்லு. நான் கண்ண மூடிகினு கேப்பேன். தூங்கறேன்னு நெனச்சிக்காத."

எத்திராஜ் சொன்னான். சொல்வதில் அவன் சோடை போனவன் இல்லை. பக்கத்தைப் புரட்டிப் புரட்டி, கேன்டீன் சத்தம், கேட் கூட்டம், மாலை போட்ட படம் எல்லாவற்றையும் கண்முன் கொண்டுவந்தான். பார்த்தசாரதி கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். இரண்டு இடத்தில் 'த்சு' என்றார். கெங்கம்மாள் பூந்தமல்லியில் இறங்கி, கூட்டத்துக்குள் நடந்து, தள்ளுவண்டி முன்னால் நின்று, இட்லி கட்டுகிற அந்தக் கையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடக்கிறாள். எத்திராஜ் கடைசிப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான்.

பார்த்தசாரதி கண்ணைத் திறந்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அருமையான இன்டர்வெல் தம்பி" என்றார். "எனக்கு உடம்பே சிலிர்த்துப் போச்சு. இரு, டீ சொல்றேன். குட்ச்சிட்டு செகண்ட் ஆஃப் சொல்லு."

எத்திராஜ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று ஐம்பத்தைந்து. ஐம்பத்தைந்து நிமிஷத்தில் படம் முடிந்திருந்தது. சுலோசனா சொன்ன கணக்கு அப்போதுதான் அவன் மண்டையில் இறங்கியது. வெறும் பாதித் தாள்கள், இருநூற்று நாற்பது, இரண்டு மணி நேரம். எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அவன்தான் தன் படத்தைச் சரிபாதியாக வெட்டியிருக்கிறான்.

"ஒரு போன் பண்ணிட்டு வந்துட்றேன் சார்" என்று வராந்தாவுக்கு வந்தான்.

இரண்டாம் பாதி என்னவென்று அவனுக்குத் தெரியும். ஆனால் ஆறு வருடத்தில் ஐந்து விதமாக எழுதியது. பதற்றத்தில் ஐந்தும் ஒன்றோடொன்று கலந்து நின்றது. எது முதலில், எதற்குப் பிறகு எது, எது போன வருடமே அடித்தது, ஒன்றும் பிடிபடவில்லை. கட்டு பரண் மேல் கிடக்கிறது. சுலோசனா கம்பெனியில் இருக்கிறாள். அங்கே கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அந்த இருநூற்று நாற்பது பக்கத்தையும் படித்த மனுஷன் உலகத்தில் இன்னும் ஒருவன்தான். போன வருடம் ஜெராக்ஸ் வாங்கிப் போய் இரண்டே நாளில் திருப்பிக் கொடுத்து, 'நல்லாருக்குங்ணா' என்று ஒரு வார்த்தை சொன்னவன். படிக்காமலேயே சொல்கிறான் என்று எத்திராஜ் அன்று முடிவு கட்டியிருந்தான்.

வேறு வழியில்லை. கூப்பிட்டான்.

"சொல்லுங்ணா. மீட்டிங்ல இருந்தேன், வெளிய வந்துட்டேன். முடிஞ்சுதுங்களா?"

"வெற்றி, என் கதைல இன்டர்வெலுக்கு அப்பால இன்னா வருது?"

ஏன், எதற்கு என்று வெற்றி கேட்கவில்லை. "மொத நாளு அவ வந்து ரெண்டு இட்லி கேப்பாங்ணா" என்று ஆரம்பித்தான். "அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டே வெச்சுத் தருவான். மறுநாளும் அதே நேரம், அதே ரெண்டு இட்லி. மூணாவது நாள் அவ வர்றதுக்கு முன்னாடியே அவன் தட்டுல எடுத்து வெச்சிருப்பான். நாலாவது நாளு அவ காரச் சட்னியத் தள்ளி வைக்கிறதப் பாத்து, வீட்ல செய்யற மாதிரி தேங்காச் சட்னி அரைச்சுக் கொண்டாருவான். அங்கதான் மாட்டிக்குவான்."

எத்திராஜ் வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டான். வரிசை சரிதான். அவன் எழுதியதுதான். ஆனால் அவன் நோட்டில் நாற்பது பக்கம் மூச்சு வாங்கிய சமாச்சாரம் இந்தப் பயல் வாயில் வழுக்கிக்கொண்டு போகிறது. தன் கதை இவ்வளவு அழகாக இருக்கும் என்று ஆறு வருடத்தில் ஒருநாள்கூட அவனுக்குத் தோன்றியதில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அஞ்சாவது நாள், தட்டு முன்னாடி உக்காந்துருக்கா. தேங்காச் சட்னியப் பாக்கறா. ஒரு வாய்கூடத் தொடல. கை கழுவிட்டு எந்திரிச்சுப் போயிர்றா. ஒரு வார்த்தை பேசல. அவன் அந்தத் தட்டப் பாத்துக்கிட்டு நிக்கறான்."

"இரு, இரு" என்றான் எத்திராஜ். "அங்க அவ பேசுவா இல்ல? மூணு பக்கம் டயலாக். 'உனுக்காக ஊரே அழுதுச்சு'ன்னு ஆரம்பிக்கும்."

"பேசுவாங்களா?" வெற்றியின் குரலில் உண்மையான குழப்பம். "எனக்கு நெனப்பில்லீங்ணா. பேசாமப் போற மாதிரிதான் மனசுல இருக்குது. அன்னைக்கு அதப் படிச்சுட்டு நான் ரொம்ப நேரம் எந்திரிக்கவே இல்லீங்ணா."

அந்த மூன்று பக்க வசனத்தை எழுத எத்திராஜ் ஒரு மழைக்காலம் முழுவதையும் செலவிட்டிருந்தான். கண்ணை மூடி, அவள் பேசாமல் எழுந்து போவதைப் பார்த்தான். அதுதான் சரி. சந்தேகமே இல்லை, அதுதான் சரி. தன் கதையில் இருக்க வேண்டிய காட்சி, தான் எழுதாத காட்சி, வெற்றியின் மனதில் போய் உட்கார்ந்திருக்கிறது.

மீதியையும் வெற்றி சொல்லி முடித்தான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எத்திராஜ் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டு உள்ளே போனான். டீ ஆறியிருந்தது. பார்த்தசாரதி மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். எத்திராஜ் நோட்டைத் தொடவில்லை. வெற்றி சொன்னபடியே, அவன் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, அவன் விட்டதை விட்டு, சொன்னான். ஐந்தாவது நாள் வந்தது. அவள் கை கழுவிவிட்டு எழுந்து போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

பார்த்தசாரதியின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து காதோரம் போனது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

கதை முடிந்ததும் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "மொத பாதி நல்லா கீது. ஆனா செகண்ட் ஆஃப் சொன்னது வேற ஆளு மாதிரி கீது தம்பி. அந்தப் பொம்பள ஒண்ணுமே பேசாம எழுந்து போச்சு பாரு, அதான். வேற எவனா இருந்தாலும் அங்க பக்கம் பக்கமா வசனம் எழுதி சாவடிச்சிருப்பான். நீ வுட்ட பாரு, அங்கதான் நீ ரைட்டர்."

"தேங்க்ஸ் சார்" என்றான் எத்திராஜ்.

"இதே மாதிரி முழுசா எழுதி எடுத்துகினு வா. ஒரு டைரக்டருக்குக் குடுத்துப் படிக்கச் சொல்லலாம்."

"எத்தினி பக்கம் சார் இருக்கணும்?"

"பக்கத்த எவன் எண்ணிகினு கீறான். நீ இன்னிக்கு சொன்னது மொத்தமும் அதுல இருந்தா போதும். ஒண்ணும் கூட வேணாம், கொறைய வேணாம்."

கீழே வளைகாப்புப் பந்தி நடந்துகொண்டிருந்தது. யாரோ சாப்பிட்டுப் போகும்படி கையைப் பிடித்து இழுத்தார்கள். வேண்டாமென்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றான். ஆறு வருடம் காத்திருந்த வார்த்தைகளை ஒரு மனுஷன் வாயால் கேட்டாயிற்று. கால் தரையில் பாவாமல் நடக்க வேண்டிய நாள். அவனுக்கோ, அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றதுபோல் இருந்தது.

போன் அடித்தது. வெற்றிதான்.

"என்னங்ணா ஆச்சு? எனக்கு இங்க வேலையே ஓடல."

"புட்ச்சிருக்கு. எழுதிகினு வர சொல்ட்டாரு."

"அய்யோ, சூப்பருங்ணா." அவன் குரல் உடைந்தது. பக்கத்தில் யாரிடமோ 'எங்கண்ணன் கதை ஓகே ஆயிருச்சு' என்று சொல்வதும் கேட்டது. பிறகு, "எந்த எடம் ரொம்பப் புடிச்சுதுன்னு சொன்னாருங்ணா?" என்று கேட்டான்.

மொத்தமாகப் பிடித்திருந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் இவனிடம் கேட்காமல் இனி அந்த இரண்டாம் பாதியை எழுதவும் முடியாது.

"அவ பேசாம எழுந்து போறது" என்றான். சொன்னவன் சும்மா இருந்திருக்கலாம். "அது நான் எழுதனதுதான்டா. என் நோட்டுல இருந்ததுதான்."

"பின்ன, உங்களோடதுதானுங்ணா. வேற யாருக்கு அது வரும்?" என்றான் வெற்றி.

கிண்டலா என்று எத்திராஜ் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். கிண்டல் இல்லை. அவன் அதை முழுசாக நம்பித்தான் சொன்னான். பாடி போகும் பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியும் போய்விட்டது. எத்திராஜ் போனைக் காதில் வைத்தபடியே நின்றான். அவனால் தாங்க முடியாமல் போனது அந்த நம்பிக்கையைத்தான்.